சுவரடியில் ஓடும் வெந்நீர்

நியூயார்க் நகரத்தில் வீட்டை வாடகைக்கு விடுபவருக்கு அக்டோபர் 1 முதல் மே 31 வரை சட்டம் ஒரு கடமையை விதிக்கிறது. காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை, வெளியே வெப்பநிலை 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் வீட்டுக்குள் குறைந்தது 20 டிகிரி இருந்தாக வேண்டும். இரவில் வெளியே எப்படியிருந்தாலும் உள்ளே சுமார் 17 டிகிரிக்குக் குறையக் கூடாது. நீர் உறையும் குளிரில் கூரையும் கதகதப்பும் சேர்ந்ததுதான் வாடகை.

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் பல வீடுகளில் அந்தக் கதகதப்பைத் தருவது, வெளிச்சுவரின் அடியோடு நீளமாக ஓடும் ஒரு தகரப் பெட்டி. பேஸ்போர்டு ஹீட்டர் என்பார்கள். அங்கே உறவினர் வீட்டுக்குப் போய் வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தவர்கள் குறைவு.

உள்ளே முக்கால் அங்குலச் செப்புக் குழாய் ஒன்று போகிறது. நிலவறையில் இருக்கும் பாய்லர் சுமார் 80 டிகிரிக்குச் சூடாக்கிய நீரை ஒரு சிறு பம்பு அதில் சுற்றவிடுகிறது. ஒரு லிட்டர் நீர் 10 டிகிரி ஆறும்போது விடும் வெப்பம், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையிலுள்ள காற்று முழுவதையும் ஒரு டிகிரிக்கும் மேல் சூடாக்கப் போதும். கன அளவுக்குக் கன அளவு, காற்றைவிட ஏறக்குறைய 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கக்கூடியது நீர். அதனால்தான் விரல் பருமனுள்ள குழாய் ஒரு வீட்டையே தாங்குகிறது.

ஆனால் வெறும் குழாய் அந்த வெப்பத்தை எளிதில் கைவிடாது. அதற்குத்தான் குழாயின் மேல் அலுமினியத் தகடுகளை வரிசையாகக் கோத்திருக்கிறார்கள். புல்லட் பைக்கின் என்ஜினைச் சுற்றியிருக்கும் தகடுகளுக்கும் இவற்றுக்கும் வேலை ஒன்றுதான். ஓரடி நீளத்துக்கு ஐம்பது தகடுகள், ஒவ்வொன்றும் ஆறு சென்டிமீட்டர் சதுரம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், காற்றைத் தொடும் பரப்பு வெறும் குழாயைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல். சூடான காற்று மேல் இடுக்கு வழியாக எழ, தரையோரக் குளிர்காற்று கீழ் இடுக்கில் நுழைகிறது. விசிறி இல்லை, ஓசை இல்லை. பெட்டியை ஜன்னலுக்கு நேர் கீழே வைப்பதும் காரணத்தோடுதான்: குளிர்ந்த கண்ணாடியில் பட்டுச் சரியும் காற்றை, எழும் வெப்பக்காற்று அங்கேயே மறித்துவிடுகிறது.

இவ்வளவு வேலை செய்யும் அந்தத் தகடு விரலால் அழுத்தினாலே மடங்கும் அளவுக்கு மெல்லியது. மெலிவுதான் அதன் திறன், அதுவே அதன் பலவீனம். சொந்த வீட்டில் நாற்பது ஆண்டு ஓடும் பெட்டி வாடகை வீட்டில் சீக்கிரம் நைந்துபோவது இதனால்தான். குடித்தனம் மாறும்போதெல்லாம் கட்டிலும் பீரோவும் மோதுகின்றன, குழந்தைகள் மேலே ஏறி நிற்கிறார்கள், முன்மூடி கழன்று விழுகிறது. பிறகு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து காற்று புகும் வழியே அடைபடுகிறது. நாய், பூனையின் முடி மிச்சத்தையும் அடைக்கும். பாய்லர் முழு மூச்சாக எரிந்தாலும் அறை குளிர்ந்தே கிடக்கும்.

ஆகவே வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, அந்தத் தகடுகளைக் காக்கும் வெளி உறையின் தடிமன். 24 கேஜ் எஃகுத் தகடு சுமார் 0.6 மில்லிமீட்டர், 16 கேஜ் ஒன்றரை மில்லிமீட்டர். எண் குறையக் குறைய தடிமன் கூடும். வித்தியாசம் இரண்டரை மடங்குதானே என்று நினைக்கலாம். ஆனால் தகடு வளையாமல் எதிர்க்கும் வலு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது: இரண்டரையை மூன்று முறை பெருக்கினால் பதினைந்துக்கும் மேல். பள்ளிக்கூடங்களுக்கும் அலுவலகங்களுக்கும் செய்யும் கனத்த உறைகள் உதையைத் தாங்குவது இந்தக் கணக்கால்தான். குளியலறையில் ஈரம் பட்டுத் துரு பிடிக்கும் என்பதால் அங்கே நல்ல பூச்சும் வேண்டும்.

இன்னொரு வழி வார்ப்பிரும்புப் பேஸ்போர்டு. அதில் மடங்க மெல்லிய தகடும் இல்லை, கழல முன்மூடியும் இல்லை, இரும்பே முகப்பு. பாய்லர் நின்ற பிறகும் வெகுநேரம் சூடு விடும். கனமும் விலையும் மிக அதிகம். செப்புக் குழாய்ப் பெட்டியோடு ஒரே சுற்றில் இதைக் கலக்கக் கூடாது: ஒன்று சட்டென ஆறும், மற்றது மெல்ல ஆறும்; ஒரே தெர்மோஸ்டாட்டால் இரண்டையும் ஆள முடியாது.

இரும்புக்குள் நீர் ஓடினால் துருப்பிடிக்காதா? என்னை மிகவும் வியக்க வைத்த விஷயம் இது. மூடிய சுற்றில் ஓடும் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சில நாட்களில் இரும்போடு சேர்ந்து தீர்ந்துபோகிறது. அதன் பிறகு துருப்பிடிக்க ஆக்சிஜனே இல்லை. கறுத்துப்போன அந்தப் பழைய நீர்தான் அமைப்பைக் காக்கும் நீர். எங்கோ ஒரு சிறு கசிவு இருந்து, அதை ஈடுகட்டப் புது நீர் நுழைந்துகொண்டே இருந்தால், கூடவே ஆக்சிஜனும் வந்து பாய்லரை அரிக்கும். பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் குழாய் போட்டால் ஆக்சிஜன் தடுப்புப் படலம் உள்ள ரகமே போட வேண்டும்; இல்லையேல் குழாயின் சுவர் வழியாகவே ஆக்சிஜன் ஊடுருவும்.

இரவில் கேட்கும் டிக் டிக் சத்தத்துக்கும் காரணம் உண்டு. பத்து மீட்டர் செப்புக் குழாய் 60 டிகிரி சூடேறினால் ஒரு சென்டிமீட்டர் நீளும். வழுக்கிப் போக பிளாஸ்டிக் தாங்கியும், சுவர்த் துளையில் சற்று இடமும் விட்டால் சத்தம் அடங்கும்.

நீளத்தில் கஞ்சத்தனம் கூடாது. 80 டிகிரி நீரில் ஓரடிப் பெட்டி 150 முதல் 175 வாட் வரை வெப்பம் தரும். 60 டிகிரியில் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். பெட்டி நீளமாக இருந்தால் குறைந்த சூட்டிலேயே வீடு கதகதக்கும். புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அந்த வெப்பத்தையும் மீட்கும் புதுவகைப் பாய்லர்களுக்கு, திரும்பிவரும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் பலன்.

கைக்கு எட்டினால் வார்ப்பிரும்பு. எட்டாவிட்டால் கனத்த உறையுள்ள செப்புக் குழாய்ப் பெட்டியைத் தேவைக்குச் சற்று அதிக நீளத்தில் போடுங்கள். சாவியைக் கொடுக்கும்போதே குடிவருபவரிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள்: சோபாவைப் பெட்டியிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும், குளிர்காலத்தில் ஊருக்குப் போனாலும் ஹீட்டரை முழுவதும் அணைக்கக் கூடாது. உறையும் நீர் ஒன்பது சதவீதம் பெருத்துக் குழாயை வெடிக்க வைத்துவிடும்.