ஆசுவாசம் தேடிப் போய் ஆபத்தில் சிக்குவோர் கவனத்துக்கு

துணிக்கடையில் காலை ஒன்பது மணிக்கு நிற்கத் தொடங்கியவர் வீடு திரும்ப இரவு பத்தாகிறது. சாப்பிட்டு முடித்ததும் செல்போன். முதலில் ரீல்ஸ், பிறகு காசு கட்டி ரம்மி, அதுவும் போதாமல் 'நிச்சய லாபம்' சொல்லும் டெலிகிராம் குழு. சில மாதங்களில் சம்பளம் வந்த அன்றே காலி. இதற்குப் பிறகு குடும்பங்கள் செய்வதைப் பார்த்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. நகையை அடகு வைத்துக் கடனை அடைக்கிறார்கள், குலதெய்வத்தின் முன் சத்தியம் வாங்குகிறார்கள், பிறகு அதே போனை அதே கையில் கொடுத்துவிடுகிறார்கள். கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று கிளம்புகிறவர்களும் உண்டு.

கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் மறந்திருக்க அவர் ஆசைப்பட்டது குற்றமில்லை. நாள் முழுக்க வசவு வாங்கிய மனசு வேறெங்காவது போய் உட்காரத்தான் பார்க்கும். நாவல், சினிமா, கேரம் போர்டு, மாடித் தோட்டம், கோயில் பிராகாரம் எல்லாம் அதற்குத்தான். நார்வே உளவியலாளர் ஃப்ரோடெ ஸ்டென்செங் இதை இரண்டாகப் பிரிக்கிறார். நல்ல அனுபவத்தை நாடி ஒன்றில் மூழ்குவது ஒரு வகை. தன் கசப்பை நினைக்காமலிருக்க மூழ்குவது இன்னொரு வகை. ஒரே விளையாட்டில் இரண்டும் நடக்கும். நிறுத்த நினைத்த நேரத்தில் நிறுத்த முடிகிறதா, எழுந்த பிறகு மனசு லேசாகிறதா, வீட்டாரிடம் மறைக்க வேண்டியிருக்கிறதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். மூன்றாவதற்கு ஆம் என்றால் முதல் இரண்டையும் கேட்கவே வேண்டாம்.

ஓய்வுக்கு முதல் தேவை நேரம். அந்த நேரம் முதலாளி போடும் பிச்சை அல்ல. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வழக்கமான வேலை; வார விடுமுறை உண்டு. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்குச் சம்பளத்துடன் 12 நாள் விடுப்பு. இதுபோக ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு. எத்தனை கடைகளில் இது நடக்கிறது என்று ஆய்வுக்குப் போகும் அதிகாரிகளுக்குத் தெரியாதா? தெரியும். எழுத்தில் புகார் வராதவரை அவர்களுக்கு அது கண்ணில் படாது, அவ்வளவுதான்.

ஆகவே எழுத்தில் கொடுங்கள். உங்கள் பகுதி தொழிலாளர் உதவி ஆய்வாளருக்கோ துணை ஆய்வாளருக்கோ ஒரு பக்கக் கடிதம் போதும். கடையின் பெயர், முகவரி, வேலையில் சேர்ந்த நாள், தினமும் நிற்கும் நேரம், எந்தெந்த மாதம் விடுமுறை மறுக்கப்பட்டது என்பதை எழுதுங்கள். சம்பளம் வங்கியில் விழுந்த பக்கத்தின் நகலை இணையுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் தனியொருவரைக் குறிவைப்பது கடினம். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். தபால் என்றால் ஒப்புகையுடன் விரைவுத் தபால். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் அது புகாரே அல்ல. பதில் வராவிட்டால் அந்த நகலின் விவரத்தோடு முதல்வரின் முகவரித் துறையின் 1100 எண்ணை அழையுங்கள்.

கிடைத்த விடுமுறையைச் செலவழிக்கக் காசு இல்லை என்பார்கள். நூலகத்துக்கு ஏற்கெனவே காசு கட்டியாயிற்று. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகப் போகிறது. சொந்த வீட்டுக்காரர் நேரடியாகக் கட்டுகிறார், வாடகைக்கு இருப்பவர் வாடகையோடு சேர்த்துக் கட்டுகிறார். காசைக் கொடுத்துவிட்டுக் கிளை நூலகத்தின் வாசலை மிதிக்காதவர்கள்தான் அதிகம்.

இனி, சிக்கிவிட்டவர்களுக்கு. காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனாலும் ஏதாவதொரு பெயரில் புதிய செயலி ஒரு லிங்க்காக வந்து விழும், அதைத் தொடாதீர்கள். விரும்பி ஆடித் தோற்ற பணம் திரும்ப வரும் என்று நம்ப வேண்டாம். ஏமாற்றிப் பறிக்கப்பட்டது என்றால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். செயலியை அழிப்பதற்கு முன் திரையைப் படமெடுங்கள். பணம் அனுப்பிய யுபிஐ முகவரி, பரிவர்த்தனை எண், வங்கிக் கணக்குப் பட்டியல் எல்லாம் கையில் இருக்கட்டும். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். 'இழந்ததை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று அழைப்பவன் இரண்டாவது திருடன்.

பணம் ஒரு பக்கம், ஆளைக் கவனியுங்கள். நிறுத்த முடியாத விளையாட்டுப் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது; அந்தப் பட்டியல் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. இது சத்தியத்தால் தீராது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம், குடும்பத்தாரும் அழைக்கலாம். நேரில் பார்க்க மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் போங்கள். சீட்டுப் போடும் இடத்தில் மனநலப் பிரிவு எந்த நாள், எந்த அறை என்று கேளுங்கள். 'எல்லா நாளும் வா, பார்க்கலாம்' என்று அலையவிட்டால் கண்காணிப்பாளர் அறைக்கே போய்க் கேளுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னதும் சிரிக்கும் உறவினரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

கடனுக்குப் பயந்து உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரை, போலீஸ் வழக்கு வருமென்று மருத்துவமனைக்குக் கொண்டு போகாமல் வைத்திருக்கும் வீடுகள் இன்னும் உள்ளன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. வழக்குப் பயத்தில் ஒரு நிமிடத்தையும் வீணாக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கடனை அடைப்பதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். வங்கிக் கணக்கும் யுபிஐ-யும் கொஞ்ச காலம் வீட்டில் நம்பகமான ஒருவர் பொறுப்பில், சிக்கியவரின் சம்மதத்தோடு இருக்கட்டும். மருத்துவமனைச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். அந்த 12 நாள் நோய் விடுப்பு மனநலச் சிகிச்சைக்கும்தான். சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். என்ன நோய் என்று கடை மேலாளர் மருத்துவமனைக்குப் போன் போட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அந்த ரகசியத்தைக் காக்கிறது.