லேண்ட்லைன் இல்லாமல் பிராட்பேண்ட் கிடைக்குமா? கம்பெனியைவிட உங்கள் தெருவைப் பாருங்கள்!

வாடகை வீடு பார்க்கப் போனால் தண்ணி எப்படி, கரன்ட் மீட்டர் தனியா, பைக் நிறுத்த இடம் இருக்கா என்று எல்லாம் கேட்கிறோம். அட்வான்ஸ் கொடுத்து, பால் காய்ச்சி, சாமான் இறக்கிய பிறகுதான் 'நெட்' ஞாபகம் வருகிறது. அப்போது வீட்டுப் பெரியவர் யாராவது, "அதுக்கு முதல்ல போன் கனெக்‌ஷன் வாங்கணுமேப்பா" என்பார்.

வாங்க வேண்டாம். ஆனால், அவர் சொல்வதில் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 2005-ல் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் தொடங்கியபோது, டெலிபோனின் செம்புக் கம்பி வழியாகத்தான் இன்டர்நெட்டும் வந்தது. பேச்சுக்குக் கம்பியின் கீழ் அலைவரிசை, டேட்டாவுக்கு மேல் அலைவரிசை. இதுதான் டிஎஸ்எல். எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு தள்ளிப் போகப் போக வேகமும் குறையும்.

இப்போது வீட்டுக்கு வருவது கண்ணாடி இழை, அதாவது ஃபைபர். சுவரில் மாட்டும் ஓஎன்டி பெட்டி ஒளியை இன்டர்நெட்டாக மாற்றுகிறது. இதில் போன் பேச்சும் இன்னொரு டேட்டாதான். பல பிளான்களில் லேண்ட்லைன் நம்பர் இலவசமாக வரும். வேண்டாம் என்றால் கருவியை மாட்டாமலே விட்டுவிடலாம். ஒரு விஷயத்தில் மட்டும் பழைய போன் கெட்டி. அதற்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்ததால், கரன்ட் போனாலும் பேசலாம். ஃபைபரில் கரன்ட் போனால் நெட், போன் இரண்டும் போச்சு. ஓஎன்டி, ரவுட்டருக்கு ஏற்ற வோல்டேஜில் ஒரு மினி யுபிஎஸ் வாங்கி வைப்பது நல்லது.

போர்ட் காலியா இருக்கா?

விளம்பரத்தில் ஊர் முழுக்க கவரேஜ் இருக்கும். ஆனால், எக்ஸ்சேஞ்ச் பக்கமிருந்து வரும் ஓர் இழையை ஸ்பிளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிப்பதுதான் வழக்கம். உங்கள் தெருக் கம்பத்தில் உள்ள பெட்டியில் இடம் இல்லையென்றால், எவ்வளவு பெரிய கம்பெனியும் "ஃபீசிபிலிட்டி இல்ல சார்" என்றுதான் சொல்லும். அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, எந்த கனெக்‌ஷன் வைத்திருக்கிறார்கள், மழை நாளில் எப்படி என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் பல இடங்களில் கேபிள் டிவி ஆபரேட்டர்தான் ஃபைபரும் போட்டுத் தருகிறார். லைன் அறுந்தால் ஏணியோடு வரப்போவதும் பெரும்பாலும் அவர் ஆள்தான். பிராண்டைவிட அந்த ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பதே என் கணக்கில் முக்கியம். பெட்டியில் 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். போன் செய்யும்போதே அதைச் சொல்லிவிட்டால், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" படலம் சீக்கிரம் முடியும்.

கம்பியே வராத தெருவா?

5ஜி ஏர்ஃபைபர் இருக்கிறது. 2023-ல் ஏர்டெல், ஜியோ இரண்டுமே தொடங்கின. மாடியிலோ ஜன்னல் ஓரத்திலோ கருவி வைத்து, டவர் சிக்னலை வாங்கி வைஃபையாகத் தருவார்கள். டவரை ஊரே பகிர்ந்துகொள்வதால் ராத்திரி நேரத்தில் வேகம் இறங்கலாம். ஃபைபர் கிடைத்தால் ஃபைபரே என் சாய்ஸ்.

பில் எவ்வளவு?

499 ரூபாய் பிளானுக்கு 18% ஜிஎஸ்டி சேர்த்தால் சுமார் 589 ரூபாய். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 100 எம்பி இறங்காது, 12.5 எம்பிதான். 'அன்லிமிடெட்'டுக்கும் மாத வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் வேகம் படுத்துவிடும். பிளானின் பொடி எழுத்தில் அந்த அளவைத் தேடுங்கள்.

'இன்ஸ்டலேஷன் இலவசம்' என்று ஆறு மாதம், ஒரு வருடம் மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள். 11 மாத அக்ரிமென்ட்டில் இருப்பவர் யோசித்துக் கட்ட வேண்டும். வீடு மாறினால் கனெக்‌ஷனை மாற்றித் தருவார்களா, புதுத் தெருவில் லைன் இல்லையென்றால் மீதிப் பணம் திரும்புமா, ரவுட்டர் டெபாசிட் எப்போது வரும் என்ற மூன்றையும் பணம் கட்டும் முன்பே வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சுவரில் டிரில் போட ஹவுஸ் ஓனரிடமும் ஒரு வார்த்தை.