முதல் கேமரா: செலவு லென்ஸில் இருக்கட்டும்

முதல் டிஎஸ்எல்ஆர் வாங்குவோருக்கு நான் சொல்வது இதுதான்: கேமராவில் மிச்சம் பிடித்து லென்ஸுக்குச் செலவிடுங்கள்.

2018இல் வந்த கேனன் 1500டி, நிக்கான் டி3500 இரண்டிலும் 24 மெகாபிக்சல். பயன்படுத்தியதை வாங்கினாலே போதும். ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்று மட்டும் கேளுங்கள்.

நம் குடும்பப் படங்களில் பலவும் மங்கிய வெளிச்சத்தில் எடுப்பவை. உடன்வரும் 18-55 மிமீ லென்ஸை முழுதாக நீட்டினால் எஃப் 5.6. தனியே விற்கும் 50 மிமீ எஃப் 1.8 லென்ஸ் அதைவிட 9 மடங்குக்கும் மேல் வெளிச்சம் தரும். ஓடும் குழந்தையின் முகமும் தெளிவாக விழும். வீவக வீட்டு வரவேற்பறையில் குழுப்படம் எடுக்க 18-55 வேண்டும், இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

டி3500க்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. அதற்கு ‘ஏஎஃப்-எஸ்’ எனக் குறித்த 50 மிமீ லென்ஸையே கேட்டு வாங்குங்கள்.