குஸ்தி பிரியரை ஆக்கி மன்னன் ஆக்கிய சுபேதார்!
தியான்சந்தின் வாத்தியார் யார் தெரியுமா?

சென்னை, ஆக.29-

இன்று தேசிய விளையாட்டு தினம். ஆக்கி மன்னன் தியான்சந்த் பிறந்த நாள். அவர் படத்துக்கு மாலை போடுகிறவர்களில் பலருக்கு, அவரை ஆக்கி ஆட வைத்த வாத்தியாரின் பெயர் தெரியாது.

அவர் பாலே திவாரி. பட்டாளத்தில் சுபேதார் மேஜர்.

1905-ல் அலகாபாத்தில் பிறந்தவர் தியான்சந்த். அப்பாவும் பட்டாளத்துக்காரர். அடிக்கடி மாற்றல். பையனின் படிப்பு ஆறு வருடத்தோடு நின்று போச்சு.

1922-ல் பிராமின் ரெஜிமெண்டில் சிப்பாயாகச் சேர்ந்தார். அப்போது ஆக்கியில் அவருக்கு அக்கறையே இல்லை. குஸ்தி என்றால்தான் உயிர்!

விறைத்து நிற்க வேண்டிய இடம்

அதே ரெஜிமெண்டில் இருந்தவர்தான் திவாரி. சிப்பாய் என்பது அடிமட்டம். சுபேதார் மேஜர் என்பது அன்றைய வெள்ளைக்காரன் பட்டாளத்தில் வைசிராய் கமிஷன் பெற்ற இந்தியர்களுக்கு உச்சப் பதவி. அவரைக் கண்டால் சிப்பாய் சல்யூட் அடித்து விறைத்து நிற்கணும்.

ஆனால் ஆக்கிப் பைத்தியமான திவாரி, அந்தப் புதுப் பையனை மைதானத்துக்கு இழுத்து வந்தார். முதல் பாடம் சொல்லிக் கொடுத்தார். கண்டோன்மெண்டில் ஆட்டத்துக்கு என்று தனி நேரம் கிடையாது. வேலை ஓய்ந்த நேரமெல்லாம் ஆட்டம்தான்.

நாலே வருடம். 1926-ல் நியூசிலாந்து போன ராணுவ அணியில் தியான்சந்துக்கு இடம் கிடைத்தது. 21 ஆட்டம், 18-ல் வெற்றி. திரும்பி வந்ததும் சிப்பாய், லான்ஸ் நாயக் ஆனார்.

மூன்று தங்கம்

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 14 கோல். 1932 லாஸ் ஏஞ்சல்சில் அமெரிக்காவை 24-1 என்று இந்தியா துவைத்தது. அதில் அவர் அடித்தது 8. 1936 பெர்லினில் கேப்டன் அவரே. இறுதி ஆட்டத்தில் ஜெர்மனி 8-1 என்று தோற்றது. மூன்றிலும் தங்கம்!

சென்னையில் வந்த புத்தகம்

தியான்சந்தின் சுயசரிதை 'கோல்' 1952-ல் வெளியானது நம்ம சென்னையில்தான். அதில் திவாரியைத் தன் குரு என்று அவர் எழுதி வைத்தார்.

1956-ல் தியான்சந்த் ஓய்வு பெற்றபோது அவர் மேஜர். வாத்தியாரின் பதவியை விட உசந்த பதவி அது. ஆனாலும் அவருக்குக் கடைசி வரை குரு, அந்த சுபேதார்தான்.