‘கிசான் தவணை’ என்று ஒரு ஃபைல் வந்தால்...

பாபநாசம் எத்தனை அடி, சேர்வலாறு எத்தனை அடி, மணிமுத்தாறு எத்தனை அடி என்பது இப்போதெல்லாம் காலை காப்பிக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. ஒரு காலத்தில் இதற்குப் பேப்பர் வந்தாக வேண்டும். டீக்கடையில் ஒருவர் வாசிக்க, நாலு பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இன்று அம்பாசமுத்திரம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை, கால்வாய்க்கு ஒன்று, குளத்துக்கு ஒன்று என வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் விட்டாச்சா, கோடகன் கால்வாயில் மடை அடைப்பு எங்கே, ஏ.எஸ்.டி.16 விதை எந்தக் கிடங்கில் இருக்கு என எல்லாம் அதில்தான் ஓடுகிறது. நல்ல வசதிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அணை நீர்மட்டத்துக்கும் காலை வணக்கப் படத்துக்கும் நடுவில் அந்த ஃபைலும் வந்து விழுகிறது. பெயரிலேயே ‘பி.எம்.கிசான்’ என்று இருக்கும், கடைசியில் ‘.ஏபிகே’ என்று முடியும். “உங்கள் 2,000 ரூபாய் தவணை நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, உடனே இந்தச் செயலியில் இ-கேஒய்சி செய்யவும்” என்று ஒரு வரியும் கூடவே வரும். தவணை வரவு வைக்கும் நாள் நெருங்கும்போது இது அதிகமாகச் சுற்றும். 2025 நவம்பர் 19 அன்று கோவையில் 21ஆவது தவணை விடுவிக்கப்பட்டது போல நாடே பேசும் நாள் என்றால் கேட்கவே வேண்டாம்.

அனுப்பியவர் யாரோ வெளியூர்க்காரர் என்றால் நம்மவர்கள் தொடமாட்டார்கள். அனுப்பியது பக்கத்து வயல் அண்ணாச்சியாக இருப்பதுதான் இதில் உள்ள சூது. “அண்ணாச்சி, நீங்க அனுப்பினதுதானே?” என்று கேட்டால், “நான் எதையும் அனுப்பலையே தம்பி” என்பார். அவர் சொல்வது உண்மைதான். அவர் நேற்று அதைத் தொட்டிருப்பார். அவருடைய போனுக்குள் புகுந்தது, அவர் பெயரிலேயே, அவர் இருக்கும் எல்லாக் குழுக்களுக்கும் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டிருக்கும். குலை நோய் ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குக் காற்றில் பரவுவதைப் போல இது நம்பிக்கையின் மேல் ஏறிப் பரவுகிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் குறையும், கவனம் கூடும். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் மூட்டை. பிளே ஸ்டோர் வழியாக வராமல் நேரடியாக வரும் மூட்டையை நிறுவப் போனால், “தெரியாத இடத்திலிருந்து வருகிறது, அனுமதிக்கலாமா?” என்று போனே ஒருமுறை கேட்கும். நாம் அவசரத்தில் ‘சரி’ என்போம். அடுத்து, குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். அதற்கும் ‘சரி’. சண்டை முடிந்தது. இனி வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. நம் கண்ணுக்கு வருமுன் அவன் கைக்குப் போய்விடும். “ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள்” என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அந்த அறிவுரை இங்கே எடுபடாது. நாம் வாயைத் திறக்கவே வேண்டாம், போனே சொல்லிவிடும்.

தெரியாமல் தொட்டாகிவிட்டது என்றால் முதலில் போனில் இணையத்தை நிறுத்த வேண்டும். ஃப்ளைட் மோடில் போட்டால் போதும். பிறகு வீட்டில் உள்ள வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கையும் யு.பி.ஐ.யையும் முடக்கச் சொல்ல வேண்டும். வங்கி எண்ணைக் கூகுளில் தேடவே கூடாது. அங்கேயும் போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஏ.டி.எம். அட்டையின் பின்பக்கத்திலும் பாஸ்புக்கிலும் இருப்பதுதான் நிஜம். அடுத்த அழைப்பு 1930. இது சைபர் குற்றங்களுக்கான நாடு தழுவிய உதவி எண். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும்போதே தகவல் போனால் நடுவில் பிடித்து நிறுத்த வாய்ப்பு உண்டு. மறுநாள் மகன் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த வாய்ப்பு போச்சு. போனை முழுவதும் அழித்து முதலிலிருந்து அமைப்பது கடைசி வேலை. படங்கள் போய்விடுமே என்று தயங்குகிறவர்கள் உண்டு. பேத்தியின் படத்தை மகளிடம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு ஒன்று இதில் முக்கியம். வாடிக்கையாளர் மேலும் வங்கி மேலும் தவறில்லாமல், மூன்றாம் நபரால் பணம் போயிருந்தால், 3 வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போனது என்றால், தகவல் தெரிவிக்கும்வரை போனது அவர் பாடு. தெரிவித்த பிறகு போவது வங்கியின் பாடு. ஆக, எந்த வகையில் பார்த்தாலும் தகவல் சொன்ன நேரம்தான் கணக்கு. புகார் எண்ணைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, படிக்காத விவசாயிதான் ஏமாறுகிறான் என்று நகரத்தில் யாராவது சொன்னால் அவர்களுக்கு 2020ஐ நினைவூட்டலாம். கொரோனா காலத்தில், பி.எம்.கிசானில் விவசாயி தானே பதிவு செய்துகொள்ள வழி திறந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் பார்த்தால், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் பட்டியலில் இருந்தார்கள். சுமார் 110 கோடி ரூபாய் தகுதியில்லாதவர்கள் கணக்குக்குப் போயிருந்தது. எப்படி? ஒப்புதல் கொடுக்க வேண்டிய வேளாண் அலுவலர்களின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் வெளியார் கையில் இருந்தன. கம்ப்யூட்டர் சென்டர்களில் உட்கார்ந்து அலுவலர் பெயரில் ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள். பட்டப்படிப்பு படித்தவர்களின் சாவிதான் அப்படித் தெருவில் கிடந்தது. வேலைப் பளு, ஆள் பற்றாக்குறை என்று காரணம் சொல்லலாம். காரணங்கள் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் தன் பாஸ்வேர்டை மானிட்டரில் சீட்டு ஒட்டி வைத்திருக்கும் அலுவலகத்துக்கு, விவசாயியைப் பார்த்து “ஓ.டி.பி. சொல்லாதே” என்று பாடம் எடுக்க யோக்கியதை கிடையாது.

துறைகள் யோசிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. “இன்றே கடைசி நாள்”, “பதியாவிட்டால் அடுத்த தவணை கிடைக்காது” என்று குறுஞ்செய்திக்கு மேல் குறுஞ்செய்தி அனுப்புகிறோம். கடைசி நாள் வருகிறது, பிறகு நீட்டிக்கப்படுகிறது. இப்படி வருடம் முழுக்க விவசாயியைப் பதற்றத்திலேயே வைத்துப் பழக்கிவிட்டால், அந்தப் பதற்றத்தைத் திருடன் பயன்படுத்திக்கொள்வதில் ஆச்சரியம் என்ன? அவன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, அரசு நடையிலேயே ஒரு வரி எழுதுகிறான், அவ்வளவுதான்.

2025இல் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கும் பதிவு நடந்தபோது ஊர் ஊராக ஒரே காட்சி. பட்டா இருக்கிறது, ஆதார் இருக்கிறது, ஆளும் நேரில் வந்திருக்கிறார். ஓ.டி.பி. மட்டும் வரவில்லை. ஆதாரோடு இணைத்த எண் எப்போதோ ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போயிருக்கும், அல்லது மகனுடைய எண்ணாக இருக்கும். மகன் சென்னையிலோ துபாயிலோ வேலையில் இருப்பான். எழுபது வயதுப் பெரியவர் தன் நிலத்தைத் தன்னுடையது என்று சொல்ல மகனின் ஓய்வு நேரத்துக்குக் காத்திருக்கிறார். கையில் பட்டன் போன் இருந்தாலும் போதும், அவரவர் எண்ணையே ஆதாரோடு இணைத்துக்கொள்வது நல்லது. எண்ணை மாற்ற ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போகலாம். அங்கே கைரேகை வைத்தால் போதும், பழைய எண் தேவையில்லை.

கைரேகை என்றதும் ஒன்று. தெலங்கானாவில் 2018இல் ஒருவர் நிலப் பத்திரங்களில் இருந்த கைரேகைகளை ரப்பர் ஸ்டாம்பு போல வார்த்து, ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளை இயக்கிப் பிடிபட்டார். ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. ரேஷன் கடைக்கோ வங்கிப் பிரதிநிதியிடமோ போகும்போது மட்டும் திறந்துகொள்ளலாம். வீட்டில் கல்லூரி போகும் பிள்ளை இருந்தால் ஐந்து நிமிட வேலை.

எண்ணெல்லாம் சரியாக இருந்தும் உள்ளே நுழைய முடியாதவர்கள் நம் ஆற்றுப் பாசனத்தில் ஏராளம். கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் இருக்கும் உடைமையாளரின் நிலம் என்று குத்தகைக்கு உழுகிறவர்களைச் சொல்கிறோம். நாற்று விடுவது அவர்கள், உரம் வாங்குவது அவர்கள், வெள்ளத்தில் இழப்பதும் அவர்கள். ஆனால் பி.எம்.கிசான் நில உடைமைப் பதிவைத்தான் பார்க்கும். கூட்டுப் பட்டாவில் தாத்தா பெயரிலேயே கிடக்கும் நிலத்துக்கும் இதே கதிதான். காகிதத்தில் இருந்த பழைய குழப்பத்தை அப்படியே கம்ப்யூட்டருக்குள் ஏற்றிவிட்டு, ‘டிஜிட்டல் வேளாண்மை’ என்று பெயர் வைத்தால் குழப்பம் வேகமாகும், தீராது. பட்டா மாறுதலை முடித்துக்கொள்ள முடிந்தவர்கள் இந்தப் பிசானம் முடிந்து வேலை ஓய்ந்ததும் முடித்துக்கொள்ளட்டும். குத்தகைதாரர்கள் பயிர்க் காப்பீட்டை விட்டுவிட வேண்டாம். அதில் குத்தகை விவசாயிக்கும் இடம் உண்டு, கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் சான்று அதற்கு வேண்டும்.

தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் சோஹோவின் ‘அரட்டை’ செயலி 2025 செப்டம்பர், அக்டோபரில் நாடு முழுக்கப் பேச்சானது. ‘வாட்ஸ்அப்பை விட்டுவிட்டு இதற்கு மாறலாமா?’ என்பது பலருடைய கேள்வி. மாறலாம். சிற்றாற்றுப் பக்கத்திலிருந்து இப்படி ஒன்று வருவது சந்தோஷம்தான். ஆனால் கால்வாய்க் குழுவில் உள்ள நூறு பேரும் சேர்ந்து மாறினால்தான் பயன். ஏபிகே ஃபைல் எந்தச் செயலியில் வந்தாலும் ஏபிகே ஃபைல்தான்.

அடுத்த மோகம், இலையைப் படம் பிடித்து செயற்கை நுண்ணறிவிடம் கேட்பது. இது முற்றிலும் வீண் என்று சொல்ல முடியாது. வாழை இலையில் ஒரு புள்ளியைக் காட்டினால் பெயரை ஓரளவு சொல்லிவிடுகிறது. ஆனால் நெல்லில் இலை நுனி காய்ந்து மஞ்சளானால் அது பாக்டீரியா இலைக்கருகலா, துத்தநாகக் குறையா, வெறும் தண்ணீர்க் கோளாறா என்று படம் மட்டும் பார்த்துச் சொல்வது அனுபவசாலிக்கே கடினம். போனோ தயங்காமல் ஒரு மருந்தின் பெயரைச் சொல்லும், அளவையும் சொல்லும். அதற்குச் செலவாகும் ஆயிரம் ரூபாய் அதனுடையது அல்லவே.

இதற்கு வீட்டில் ஒரு கருவி இருக்கிறது. கண்ணாடித் தம்ளர். பாதிக்கப்பட்ட இலையைப் பச்சையும் கருகலும் சேரும் இடத்தில் வெட்டி, வெட்டிய முனை தெளிந்த தண்ணீரில் படும்படி சில நிமிடம் வைத்துப் பார்க்க வேண்டும். வெட்டுவாயிலிருந்து பால் போலக் கலங்கல் இழை இறங்கினால் அது பாக்டீரியா. அப்போது யூரியாவை நிறுத்த வேண்டும். தழைச்சத்து கூடினால் நோய் கூடும். கலங்கல் எதுவும் இல்லை, நட்ட சில வாரங்களில் வயலில் திட்டுத் திட்டாகப் பயிர் குன்றி, இலையில் பழுப்புப் புள்ளி தெரிகிறது என்றால் துத்தநாகக் குறையாக இருக்கலாம். அதற்கு 0.5 சதவீத ஜிங்க் சல்பேட்டுடன் 1 சதவீத யூரியா கரைத்துத் தெளிப்பது நெடுநாள் பரிந்துரை. பார்த்தீர்களா, ஒன்றுக்கு யூரியா ஆகாது, இன்னொன்றுக்கு யூரியாவும் சேர வேண்டும். இரண்டும் படத்தில் ஒரே மஞ்சளாகத்தான் விழும். சந்தேகமென்றால் இலையையும் வேரோடு ஒரு குத்தையும் எடுத்துக்கொண்டு அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகலாம். 1937இலிருந்து அங்கே இந்த ஆற்றுத் தண்ணீரில் விளையும் நெல்லைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போக முடியாதவர்கள் கிசான் கால் சென்டரின் 1800 180 1551 எண்ணில் தமிழிலேயே கேட்கலாம், கட்டணமில்லை.

வானிலைச் செயலிகளில் மேகதூத், இடிமின்னலுக்கு தாமினி இரண்டும் அரசு நிறுவனங்களுடையவை. மானூர், கங்கைகொண்டான் பக்கம் திறந்த வெளியில் ஆடு மேய்ப்பவர்கள் போனில் தாமினி இருப்பது நல்லது. கலர் கலராகச் சுழலும் தனியார் வரைபடங்களைப் பார்த்து மழை அளவைச் சென்டிமீட்டர் கணக்கில் குழுவில் அறிவிப்பவர்களை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.

2023 டிசம்பர் 17, 18ஐ இந்த ஆற்றங்கரையில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பேரோடு நின்றுபோனது. கரண்ட் போனது, அதன் பின்னாலேயே டவர்கள் போயின, போனில் சார்ஜ் போனது. அத்தனை செயலிகளும் அத்தனை குழுக்களும் ஒரே ராத்திரியில் ஊமையாயின. பேட்டரி போட்ட ரேடியோ வைத்திருந்த வீடுகளில் நெல்லை வானொலி கேட்டது. உறவினர் எண் ஒன்றுகூட மனப்பாடம் இல்லாமல், கிடைத்த போனைக் கையில் வைத்துக்கொண்டு யாரை அழைப்பது என்று தெரியாமல் நின்றவர்கள் உண்டு. அதற்குப் பிறகு சில வீடுகளில் நாள்காட்டி அட்டையின் பின்பக்கத்தில் பேனாவால் எண்களை எழுதி மாட்டியிருக்கிறார்கள். மகன், மகள், கிராம நிர்வாக அலுவலர், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. அந்தப் பட்டியலில் வங்கிக் கிளையின் எண்ணையும், அதற்குக் கீழே 1930ஐயும் சேர்த்து எழுதிக்கொள்ள இன்னும் இடம் இருக்கும்.