வேர் பிடிக்காததைக் கிணறு வாங்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, உவர்நீருக்கு மேலே நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. குடிப்பதற்கும் தோட்டத்துக்கு இறைப்பதற்கும் தலைமுறை தலைமுறையாக நம்பியிருப்பது அந்த நீரைத்தான். அதன் மேல் கிடக்கும் செம்மண்ணோ பல இடங்களில் மிக மெல்லியது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இடும் யூரியாவில் பயிர் எடுத்தது போக மிஞ்சியது நைத்திரேற்றாக மாறுகிறது. களிமண் துகளும் நைத்திரேற்றும் இரண்டுமே எதிர்மின்னேற்றம் கொண்டவை என்பதால் மண்ணால் அதைப் பிடித்துவைக்க முடியாது; மழை அடித்ததும் நீரோடு கீழே போய்விடுகிறது. மலக்குழிகளின் கசிவும் அதே வழியில்தான் இறங்குகிறது. குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டின் வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அது மீறப்பட்டிருப்பது 1980களிலேயே ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. இந்த நீரைக் கொதிக்கவைத்தால் நைத்திரேற்று நீங்காது, செறிவுதான் கூடும். அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழக்கலாம்.

நைத்திரேற்றைத் தீங்கற்ற நைதரசன் வாயுவாக மாற்றும் பக்டீரியாக்கள் இயற்கையில் ஏராளம். ஆனால் காற்றில்லாத ஈரமும் உண்பதற்குக் காபனும் இருந்தால்தான் அவை அந்த வேலையைச் செய்யும். வெடிப்புகள் வழியே விரைந்து ஓடும் சுண்ணக்கல் நீரில் ஒட்சிசன் உண்டு, காபன் மிகக் குறைவு. ஆகவே கல்லுக்குள் இறங்கிவிட்ட நைத்திரேற்று எளிதில் அழியாது. அமெரிக்காவின் அயோவாவில் வயல்களின் அடியில் புதைத்த குழாய்கள் வடிநீரை ஓரிடத்தில் சேர்ப்பதால், மரச்சீவல் நிரப்பிய பள்ளத்தின் ஊடாக அதைச் செலுத்திச் சுத்திகரிக்க முடிகிறது. இங்கே தோட்டம் முழுவதிலிருந்தும் நீர் நேர்கீழாக இறங்குகிறது; பிடிப்பதற்கு ஒரு வாய்க்கால்கூட இல்லை. வெளியூரில் வெற்றிபெற்ற முறையை அப்படியே பெயர்த்து வைப்பதில் பயனில்லை. கல்லுக்கு மேலிருக்கும் அந்தச் சில அடி மண்ணில்தான் இயற்கையின் உதவியை நாட வேண்டும்.

அங்கே முதல் காவல் வேர். கோடைப் பயிர் எடுத்த பின் தோட்டம் வெறுமையாகக் கிடக்க, முதல் மாரி மழை மிச்சப் பசளையையெல்லாம் கழுவிக்கொண்டு போகிறது. அந்த இடைவெளியில் குரக்கனோ சோளமோ மூடுபயிராக நெருக்கமாக விதைத்தால், அவற்றின் வேர்கள் அதை உறிஞ்சித் தண்டிலும் இலையிலும் சேர்த்துவைக்கும். சணலும் நல்ல பசுந்தாள்தான், ஆனால் இளசாக மடக்கி உழுதால் விரைவில் மக்கி நைதரசனை விட்டுவிடும். தானியத் தாள் மெல்ல மக்குவதால் அதை நெடுநாள் வைத்திருக்கும். இரசாயனப் பசளையை விட்டு எருவுக்கு மாறினாலே போதும் என்பதும் சரியல்ல. அளவுக்கு மிஞ்சிப் போட்ட மாட்டெருவும் நைத்திரேற்றாகித்தான் முடியும்.

பசளையைக் குறைக்கச் சொன்னால், விளைச்சல் குறைந்தால் யார் பொறுப்பு என்று விவசாயி கேட்பது முழுக்க நியாயம். பதில் அவருடைய கிணற்றிலேயே இருக்கிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுள்ள நீரை ஒரு ஹெக்டேயரில் 400 மில்லிமீற்றர் அளவுக்கு இறைத்தால், 45 கிலோ நைதரசன் பயிருக்குப் போகிறது. அது கிட்டத்தட்ட 100 கிலோ யூரியாவுக்குச் சமம். அதைக் கணக்கில் எடுக்காமல் சிபாரிசு அளவை முழுமையாக இடுவது பணத்தை நிலத்தடிக்கு அனுப்புவதாகும். கிணற்று நீரைச் சோதித்து, அந்த அளவைப் பசளையில் கழித்து, மிகுதியைப் பல தடவையாகப் பிரித்து இட்டால், பயிருக்குக் குறைவு வைக்காமலே கசிவைக் குறைக்கலாம்.

மலக்குழிக்கு இன்னொரு வழி உண்டு. கழிவுநீர் முதலில் மணற்படுக்கையில் காற்றுப்பட வடிய வேண்டும். அங்கே அமோனியா நைத்திரேற்றாகும். பிறகு நீர் தேங்கி நிற்கும் மரத்தூள் படுக்கை வழியே அது போனால், பக்டீரியாக்கள் அந்த நைத்திரேற்றை வாயுவாக்கும். நியூசிலாந்தில் 1996இல் மரத்தூள் கலந்து நிலத்தடியில் அமைத்த சுவர் 14 ஆண்டுகளுக்குப் பின்னும் நைத்திரேற்றை நீக்கிக்கொண்டிருந்தது. குடாநாட்டில் கல் மேலேயே இருப்பதால், இந்தப் படுக்கையை அடிப்பகுதி கசியாத தொட்டியாகக் கட்ட வேண்டும். செலவு உண்டு, ஆனால் சிறு வளவில் கிணறும் மலக்குழியும் அருகருகே இருக்கும் வீடுகளுக்கு இது தேவை.

குடாநாட்டின் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்ட பின், கிணறுகளைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்கலாம். குழாய்நீர் வருவது பெரும் ஆறுதல், குறிப்பாகக் குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு. ஆனால் வெங்காயத் தோட்டத்துக்குக் குழாய்நீர் பாயாது; குழாய் எட்டாத வீடுகளும் உள்ளன. ஜெர்மனியின் மியூனிக் நகர நீர் வழங்கல் நிறுவனம் தேர்ந்துகொண்ட பாதை வேறு. தன் ஊற்றுகள் இருக்கும் மாங்பால் பள்ளத்தாக்கு விவசாயிகள் இயற்கை வேளாண்மைக்கு மாறுவதற்காக, 1992 முதல் அவர்களுக்கு அது உதவித்தொகை கொடுத்துவருகிறது. நீரைக் காக்கும் செலவை விவசாயியின் தலையில் மட்டும் கட்டாத ஏற்பாடு அது. இங்கேயும் அப்படித்தான் தொடங்க வேண்டும்: கிணற்று நீர்ச் சோதனை இலவசமாகட்டும், மாரிக்கு முன் மூடுபயிர் விதைப்பவருக்கு விதையும் உழவுக் கூலியும் கிடைக்கட்டும், விவசாயப் போதனாசிரியர் எழுதிக்கொடுக்கும் பசளைச் சிபாரிசில் கிணற்றின் நைதரசனுக்கும் ஒரு வரி இருக்கட்டும்.