செய்மதிப் படம் காட்டுவதும் காட்டாததும்

1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை நம் மக்கள் மறக்கவில்லை. இன்று அத்தகைய சூறாவளி கடலில் உருவாகும்போதே செய்மதிப் படத்தில் காண்கிறோம். ஆயினும் படத்தை வாசிக்கத் தெரிய வேண்டும்.

பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்திலிருக்கும் செய்மதி, முகில்களிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்களை இரவிலும் உணர்கிறது. உயரமான முகிலின் உச்சி குளிர்ந்தது. ஆகவே வெண்மையாகத் தெரியும். வெண்மையெல்லாம் மழையல்ல. உயரே படரும் மெல்லிய கீற்று முகிலும் வெள்ளையாகத் தோன்றலாம். ஒரு துளியும் விழாது.

நீராவிப் படம் வேறுவகை. முகிலில்லாத இடத்திலும் வளிமண்டலத்தின் நடு, மேல் அடுக்குகளிலுள்ள ஈரத்தை அது காட்டும். கருமையான பகுதியில் வறண்ட காற்று. அது சூறாவளியின் மையத்துள் புகுந்தால் பெரும்பாலும் வலுக் குறையும். ஆனால் தரையை அண்டிய ஈரம் இப்படத்தில் தெரியாது. கைத்தொலைபேசியில் கருமையைக் கண்டு, திணைக்களத்தின் எச்சரிக்கையை மீறி வள்ளம் இறக்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

ஒரு படத்தை நம்பாமல், அடுத்தடுத்த படங்களை வரிசையாகப் பார்ப்போம்: சுழற்சி இறுகுகிறதா? எப்பக்கம் நகர்கிறது? நகராமல் நிற்பதும் ஆபத்தே. 2020 டிசெம்பர் 2இல் திருகோணமலைக்கு வடக்கே கரைகடந்த ‘புரெவி’, பின்னர் மன்னார் வளைகுடாவில் தரித்து நின்றது. வலுவிழந்த பின்னும் மழை ஓயவில்லை.